கடைசி வீட்டின் தூக்கக் கொப்பி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் அதிர்வு அளக்கும் கருவியை எப்படி மட்டமாக வைப்பது, பற்றறியை எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் கொம்பனிக்காரர் ஒரு கிழமையில் பழக்கிவிடுவார்கள். பழக்காவிட்டாலும் பெட்டிக்குள் ஒரு கைநூல் கிடக்கிறது. ஏழு மொழிகளில் அச்சடித்திருக்கிறார்கள், தமிழில் மட்டும் இல்லை. நான் எழுதப் போவது அந்தக் கைநூலில் இல்லாத விசயம். போன சனிக்கிழமை பாரிசில் ரூ காய் தெருவில் தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒருவர், "அண்ணை, இந்த வேலையிலை பிழை விட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டீர். கடையில் சனம் நெருக்கியடித்ததால் சிரித்துச் சமாளித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். இப்போது மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டுக் குசினி மேசையில் இருந்து பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது பாரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லாச்சப்பலில் எனக்குத் தெரிந்த எல்லோரும் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார்கள், அல்லது கடையில் பெட்டி இறக்கினார்கள். நானும் நாலு வருடம் கோப்பை கழுவியவன்தான். கல்குவாரிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் அறைக் கூட்டாளி ஒருவர், "கல்லுடைக்கிறதெண்டால் ஊரிலையே ஒரு குற்றம் செய்துபோட்டு மறியலுக்குப் போயிருக்கலாமே, ஏன் இவ்வளவு தூரம் பிளேனிலை வந்தனீர்?" என்று கேட்டார். அந்தப் பகிடி வருடக்கணக்காக என்னைத் துரத்தியது.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் ஒரு அண்ணை. உறவில்லை. ஊரில் கிணறு வெட்டுகிறவர்களோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லில் துளை போட்டு வெடி வைத்துப் பழகியவர். பாரிசுக்கு வந்தபின் அந்த அனுபவத்தைச் சொல்லியே, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் துளை இயந்திரம் ஓட்டுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே ஷெஃப் என்று சொல்லுகிற மேலாளரின் முன்னால் நிறுத்தி, "இவருக்கு நான் பொறுப்பு" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். நான் முதலில் சல்லிக்கல் அள்ளினேன். பிறகு அதிர்வு அளக்கும் கொம்பனி ஒன்று அந்தக் குவாரிக்கென்று ஆள் தேடியபோது, அங்கேயும் அண்ணைதான் என் பெயரைச் சொன்னார். உங்களுக்கும் இந்த வழக்கம் தெரியும். எங்கள் ஆட்களில் விண்ணப்பம் போட்டு வேலை எடுத்தவர்களை விட ஒருவருடைய வாயால் வேலை எடுத்தவர்கள்தான் அதிகம். அந்த வாய்க்குப் பிறகு ஆயுள் முழுக்க மரியாதை கொடுக்க வேண்டியிருக்கிறது.

வேலை இதுதான். வெடி நாளில் குவாரிக்கு மிகக் கிட்ட உள்ள வீட்டில் கருவியை வைத்து, வெடிக்கும்போது நிலம் எவ்வளவு அதிர்கிறது என்று அளக்க வேண்டும். சட்டம் ஒரு எண் வைத்திருக்கிறது. அதற்குக் கீழே வந்தால் "ஒழுங்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். கருவியோடு ஒரு ஒலிவாங்கியும் தருவார்கள். வெடியின் அழுத்தம் நிலத்தால் மட்டுமல்ல, காற்றாலும் வரும். அந்தக் காற்றழுத்தத்தை அளக்கத்தான் அது. ஆனால் காற்றுக்கு இறுக்கமான எண் எதையும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் காற்றடித்தாலே அந்த ஒலிவாங்கி கண்டபடி காட்டும், அதற்கென்று ஒரு கால், ஒரு பஞ்சுத் தொப்பி என்று கரைச்சல் வேறு. நான் அதை இரண்டு வருடம், குவாரியில் நிற்கும் கொம்பனி வான் வண்டியின் பின்பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தேன். இது என் முதல் பிழை. சோம்பல் என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டாவது பிழை சோம்பலால் வந்ததல்ல. அது எங்கள் ஆட்களுக்கென்றே வாய்த்த பிழை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

குவாரியைப் பார்த்தபடி இருந்த வரிசையில் கடைசி வீட்டில் ஒரு மதாம் இருந்தார். அப்போது நாற்பது வயது இருக்கும். வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவருடைய தொழில். எப்போதும் நாலு குழந்தைகள். மூன்று வயதுக்கு மேல் ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாடு கொடுத்து, பன்னிரண்டரைக்கு நாலு பேரையும் படுக்க வைப்பார். குவாரியில் வெடி பன்னிரண்டே முக்காலுக்கு. லொறிக்காரர் சாப்பிடப் போகிற நேரம், தெரு வெறுமையாக இருக்கும் என்பது குவாரியின் கணக்கு. அந்தக் கணக்கில் குழந்தைகள் இல்லை.

மதாம் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவார். குவாரிக் கந்தோரில் அவருக்கென்று ஒரு பைல் இருந்தது. புதிதாக யார் வந்தாலும் ஷெஃப் அதை எடுத்துக் காட்டிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் வெடி முடிந்து நான் கருவியை மடக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே நாலு குழந்தைகளும் ஒரே குரலில் கத்தின. மதாம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "இன்றும் சன்னல் அடித்தது" என்றார். நான் கருவி துப்பிய கடதாசியைக் காட்டினேன்.

"மதாம், சட்டம் அனுமதிக்கிற அளவில் இது கால்வாசி கூட இல்லை."

"அப்படியா? அப்படியானால் இந்தக் கால்வாசியை நீங்களே தூங்க வையுங்கள்" என்று சொல்லிக் குழந்தையை என் கையில் தந்துவிட்டு மற்ற மூன்றையும் பார்க்க உள்ளே போய்விட்டார்.

மஞ்சள் அங்கியும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, கத்துகிற குழந்தையோடு வாசலில் நின்றேன். என்னைப் பார்த்து அது இன்னும் பலமாகக் கத்தியது. மதாம் திரும்பி வந்தபோது எனக்குச் சினம் ஏறியிருந்தது. வாய் தவறியும் சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"நான் பிறந்த இடத்தில் குழந்தைகள் இதைவிடப் பெரிய சத்தங்களுக்கு நடுவே தூங்கினார்கள், மதாம்."

அவர் கோபிக்கவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டியபடி என் முகத்தைப் பார்த்தார். "உண்மையாகவே தூங்கினார்களா?" என்று கேட்டார்.

வெடி என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வன்னியில் கேட்டது நான் யாழ்ப்பாணத்தில் கேட்டதை விட அதிகம். அதைப் பற்றி இங்கே கதைக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு மதாமின் வாசலில் எனக்கு என் தங்கச்சிதான் ஞாபகம் வந்தாள். குண்டு விழும்போது பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பாள். "பிள்ளை நித்திரை" என்று அம்மா எங்களுக்குச் சொல்லுவா. அவள் நித்திரை இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். மதாமின் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

இதுதான் அந்தப் பிழை. பெரிய சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்குச் சின்னச் சத்தம் காதில் ஏறாது. அடுத்தவனுடைய முறைப்பாடு சொகுசாகத் தெரியும். வானத்திலிருந்து விழுந்ததோடு ஒப்பிட்டால் சன்னல் குலுங்குவது ஒன்றுமே இல்லைத்தான். ஆனால் எங்களுக்குச் சம்பளம் தருவது அந்தச் சன்னலை அளக்கச் சொல்லி.

மதாம் அன்றைக்கு ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். குழந்தை பார்க்கிறவர்கள் பெற்றோருக்காகத் தினமும் எழுதுகிற கொப்பி. யார் எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்குப் படுத்தது, எப்போது எழும்பியது. வெடி நாட்களில் ஓரத்தில் சின்னதாகக் குறித்திருந்தார். அவருடைய பாசையில் வெடி இரண்டு வகை. ஒன்று "தரையால் வருவது", மற்றது "சன்னலால் வருவது". தரையால் வந்த நாட்களில் குழந்தைகள் புரண்டு படுத்துத் தூங்கியிருந்தன. சன்னலால் வந்த நாட்களில் நாலும் எழும்பி அழுதிருந்தன. கடைசி நாலு வெடியும் சன்னலால் வந்தவை என்று எழுதியிருந்தது. அனுமதி கேட்டுப் பக்கங்களைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு ஆறிக்கொண்டிருக்க, அந்தப் பக்கங்களையும் என்னுடைய கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குழந்தைகள் எழும்பி அழுத நாட்களில் என் கருவி காட்டிய நில அதிர்வு முந்தியதை விடக் குறைந்திருந்தது. நான் அதைக் குவாரிக்கு நல்ல செய்தி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்! நிலம் குறைவாக அதிர்ந்து காற்று கூடுதலாக அடித்தால், வெடிமருந்தின் பலம் கல்லுக்குள் போகவில்லை, குவாரியின் முன்சுவரான பாறை முகத்தைப் பிளந்துகொண்டு வெளியே போகிறது என்று அர்த்தம். சன்னலைத் தட்டுகிற பலம் கல்லை உடைக்காத பலம். குவாரிக்கும் அது நட்டம்தான். கல் பெரிய பெரிய பாறையாக விழும், புழுதி கூடும். எல்லாவற்றையும் விட மோசம், ஒரு நாள் வெறும் காற்றுக்குப் பதில் கல்லே பறந்து வரும். ஒலிவாங்கி வானின் பின்பெட்டியில் கிடந்த இரண்டு வருடமும் அந்த வேலையை நாலு குழந்தைகள் செய்திருக்கின்றன.

அடுத்த வெடி அந்த வியாழக்கிழமை. வழக்கம்போல அண்ணையின் வானில் போர்த் து லா ஷாப்பெல் சந்தியில் ஏறினேன். மழை மூன்று நாள் விடாமல் பெய்து முதல் நாள்தான் விட்டிருந்தது. வழியில் சொன்னேன்.

"அண்ணை, இண்டைக்கு முன்சுவரைக் கீழை நிண்டு ஒருக்காப் பாக்கப்போறன்."

"உனக்கு அங்கை என்ன அலுவல்? உன்ரை அலுவல் வீட்டு வாசலிலை" என்றார் அண்ணை, சிரித்துக்கொண்டுதான்.

பதினொரு மணிக்குக் கீழே போய் நின்று பார்த்தேன். பழைய கல் சாம்பல் நிறம். ஐந்தாவது துளைக்கு நேரே, மேல்பாதியில், ஒரு பெரிய துண்டு கழன்று விழுந்து புதுக்கல் வெள்ளையாகத் தெரிந்தது. மழையில் விழுந்திருக்கிறது. துளைக்கும் சுவரின் முகத்துக்கும் இடையில் நாலு மீற்றர் கல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மீற்றர் கூட இருக்காது போலப்பட்டது. அந்தச் சுவர் பார்த்துக்கொண்டிருந்தது கிராமத்தை. குவாரியிலிருந்து எண்ணினால் அதில் முதல் வீடு மதாமின் அந்தக் கடைசி வீடுதான். வெடி நேரம் ஆட்களை விலக்கி வைக்கும் காவல் எல்லைக்கு அது வெளியேதான் இருந்தது, ஆனால் அதிகம் வெளியே இல்லை.

மேலே ஏறினேன். துளைகளுக்கு அடிப்பாதி மருந்து இறக்கியிருந்தார்கள். மேல்பாதி இனித்தான். வெடிப் பொறுப்பாளர் ஒரு போர்த்துக்கேயர், துளை வரிசையின் அந்த முனையில் நின்று தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அண்ணை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அஞ்சாம் துளைக்கு முன்னாலை கல்லு விழுந்து கிடக்கு."

"நான் முன்னமே பாத்தனான். ஒண்டுமில்லை."

"மழைக்கு முதலோ, பிறகோ?"

அண்ணை பாணை மென்று விழுங்கினார். துளை போடுவதற்கு முன் சுவரின் முகத்தைப் புதிதாக அளக்க வேண்டும் என்பது அங்கே விதி. அளக்கிறவர் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். இடையில் விழுந்து கிழுந்து போனால் துளை போடுகிறவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஷெஃப் அவசரப்படுத்தியதால் அண்ணை கொஞ்ச நாளாகப் பழைய அளவுத் தாளை வைத்தே துளை போட்டிருந்தார். கடைசி நாலு வெடியும் சன்னலால் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கியது அண்ணைக்கும் விளங்கியது.

"நீ அளக்கிற ஆள். அளந்துபோட்டுப் போ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்னை இஞ்சை சேத்துவிட்டது ஆர் எண்டு நினைவிருக்கோ?" என்றார்.

இருந்தது. அதனால் நான் திரும்பி நடந்தேன். இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். போர்த்துக்கேயர் இருபது அடியில் நிற்கிறார். போய் அவருடைய காதில் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. குவாரியில் நின்ற கொம்பனி வானை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் கருவி வைக்க, கடைசி வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அண்ணை ஊரிலேயே கல்லில் துளை போட்டவர், நான் கோப்பை கழுவினவன், எனக்கு என்ன தெரியும், கீழே நின்று பார்த்தால் எல்லாம் மெலிசாகத்தான் தெரியும்.

மதாமின் வாசலில் மழைச் சப்பாத்துகள் நாலு சோடி வரிசையாக நின்றன. சிவப்பு ஒன்று, நீலம் இரண்டு, தவளை முகம் போட்டது ஒன்று. தோட்டத்தில் விளையாடிவிட்டுக் கழற்றி வைத்திருக்கிறார்கள். நான் கருவியை வைத்து, ஒலிவாங்கியையும் காலில் பூட்டி நிமிர்த்திவிட்டு, கொஞ்ச நேரம் அந்தச் சப்பாத்துகளைப் பார்த்தபடி நின்றேன். பிறகு வோக்கி-டோக்கியை எடுத்து, "நிறுத்துங்கள்" என்று மூன்று தரம் சொன்னேன்.

வெடியை யாரும் நிறுத்தலாம் என்று விதியில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் குவாரியில் அதுவரை யாரும் நிறுத்தியதில்லை. வோக்கியில் சொன்னால் எல்லோருக்கும் கேட்கும். ஏன் என்று ஷெஃப் கத்தினார். ஐந்தாம் துளைக்கு முன்னால் கல் இல்லை, முகம் மழைக்குப் பிறகு பார்க்கப்படவில்லை என்று சொன்னேன். லொறிக்காரர், நொருக்கும் இயந்திரத்தில் நின்றவர்கள், தெருக் காவலுக்கு நின்றவர்கள், எல்லோருடைய காதிலும் அது விழுந்தது. மேலே நின்றபோதே சொல்லியிருந்தால் மூன்று பேருக்குள் முடிந்திருக்கும். நான் இருபது நிமிடம் பயந்ததால் அண்ணை முழுக் குவாரிக்கு முன்னாலும் தலை குனிய வேண்டி வந்தது. வெடியை நிறுத்தியது சரி. அந்த இருபது நிமிடம் பிழை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போர்த்துக்கேயர் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு, அந்த மெலிந்த இடத்துக்கு நேரே மருந்துக்குப் பதில் சல்லிக்கல் நிரப்பச் சொன்னார். எல்லாம் திரும்பச் சரிபார்த்து முடிய மூன்று மணி தாண்டிவிட்டது.

அங்கே இன்னொரு சிக்கல். பன்னிரண்டே முக்காலுக்கு வெடித்திருந்தால் குழந்தைகள் வீட்டுக்குள் கட்டிலில். மூன்று மணிக்கு நாலும் எழும்பி, தோட்டத்தில் பின்னேரத் தீன் தின்னுகிற நேரம். நான் நிறுத்தியதாலேயே அவர்களை வெளியில் கொண்டுவந்து வைத்துவிட்டேன் போலிருந்தது. மதாமிடம் போய், எச்சரிக்கைச் சங்கு ஊதி முடிந்து நான் வந்து சொல்லும் வரை ஒருவரும் வெளியே வரக்கூடாது, குவாரிப் பக்கத்து அறையிலும் இருக்க வேண்டாம் என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளின் கதிரைகளைப் பின் அறைக்குத் தூக்கினார். நானும் இரண்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சங்கு ஊதியது. வெடித்தது. நிலம் முந்திய நாட்களை விடக் கொஞ்சம் கூடுதலாக அதிர்ந்தது, எண்ணுக்கு நன்றாகக் கீழேதான். ஒலிவாங்கி காட்டியது மிகக் குறைவு. சன்னல் அசையவில்லை. ஒரு கல்லும் வரவில்லை.

அதுதான் எனக்கு வினை. ஒரு கல்லாவது தோட்டத்தில் வந்து விழுந்திருந்தால் எல்லோரும் என் தோளில் தட்டியிருப்பார்கள். ஐந்தாம் துளையின் மேல்பாதிக் கல் சரியாக உடையாமல் பெரும் பாறைகளாகக் கிடந்தது. இயந்திரச் சுத்தியல் இரண்டு நாள் நின்று அடித்தது. அந்த இரண்டு நாளும் ஷெஃப் என்னைக் காணும்போதெல்லாம் அந்தப் பாறைகளைக் கையால் காட்டுவார். தடுத்தவனால் தடுத்ததைக் காட்ட முடியாது. அவனால் வந்த நட்டத்தை மட்டும் யாரும் காட்டலாம். இந்தத் தொழிலில் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றும் அண்ணையின் வானில்தான் திரும்பி வந்தேன். போர்த் து லா ஷாப்பெலில் நான் இறங்கும்போது அண்ணை சொன்னார்.

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே? ஒண்டும் நடக்காத விசயத்துக்கோ என்னை இவ்வளவு சனத்துக்கு முன்னாலை நாறடிச்சனி?"

"ஓம் அண்ணை. ஒண்டும் நடக்கேல்லை" என்றேன்.

பிறகு விசாரணை வைத்தார்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சுவரின் முகத்தை அளக்க வேண்டும் என்று முடிவானது. காற்றழுத்தத்தையும் ஒவ்வொரு தரமும் எழுத வேண்டும் என்றும் வந்தது. மதாமின் பைலை ஷெஃப் அதன்பிறகு யாருக்கும் எடுத்துக் காட்டியதாகத் தெரியவில்லை. அண்ணைக்கு வேலை போகவில்லை. ஆனால் குவாரியிலிருந்து எடுத்து, கட்டிட அத்திவாரத்துக்குத் துளை போடும் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அது அவருக்கு இறக்கம்தான்.

லாச்சப்பலில் கதை வேறு மாதிரி வந்து சேர்ந்தது. "சேத்துவிட்டவனையே காட்டிக்குடுத்தவன்" என்று. அந்தச் சொல் எங்கள் ஆட்களிடம் எவ்வளவு பாரம் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ரூ காயில் சாமான் வாங்கப் போனால், வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் விலகுவார்கள். நான் சனி, ஞாயிறுகளை விட்டுவிட்டுக் கிழமை நாட்களில் ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கத்தால் சுற்றிப் போய் மரக்கறி வாங்கப் பழகினேன். அண்ணையின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அழைப்புக் காட் வந்தது, எனக்கு வரவில்லை. சின்ன வயதில் அந்தப் பிள்ளையை மெற்றோவில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவன் நான். அது எனக்கு நொந்தது. இன்றைக்கும் நோகிறது.

உங்கள் மூவரையும் கொம்பனியில் சேர்க்க வாய் கொடுத்தவன் நான்தான். அதனால் இதையும் நானே சொல்லிவிடுகிறேன். எனக்காக என்று எதையும் மறைக்காதீர்கள். நான் எழுதிவைத்துவிட்டு வந்த பழைய அளவுகளில் பிழை கண்டால், அதையும் எடுத்துச் சொல்லுங்கள். முதலில் சம்பந்தப்பட்டவருடைய முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கேட்காவிட்டால் பக்கத்தில் நிற்கும் பொறுப்பாளரிடம் உடனே போங்கள். வோக்கி கடைசிக்கு. ஆனால் கடைசி வந்தால் வோக்கியை எடுக்கத் தயங்க வேண்டாம். முறைப்பாடு எழுதுகிறவர்களின் வீட்டுக்கு வெடி இல்லாத நாளிலும் ஒரு தரம் போங்கள். ஒலிவாங்கியைப் பின்பெட்டியில் போடாதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக அளந்த நாளில் மதாம் எனக்குக் கோப்பி போட்டுத் தந்தார். போகும்போது ஒரு கடதாசியை நீட்டினார். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தின் பிரதி. நான் அதை மடித்துப் பேர்சுக்குள், வங்கி அட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

போன மாரியில் ஒரு நாள், கிழமை நாள்தான், ரூ காயில் ஒரு கடையில் தனியாக இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அண்ணை வந்தார். நேரே கண்டு ஒன்பது வருடம். முடி முழுக்க வெளுத்து, முழங்கால் சரியில்லாமல் நடந்தார். மற்ற மேசைகளில் இடம் இருந்தது. ஒரு கணம் நின்றார். பிறகு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"பென்சன் கடுதாசி எல்லாம் சரிவந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. உங்களுக்கு?"

"எனக்குப் போன வருசமே வந்திட்டுது."

நான் பேர்சைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்து அவருக்கு முன்னால் விரித்து வைத்தேன். ஏன் செய்தேன் என்று இப்போதும் தெரியாது. அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிரெஞ்சை எழுத்துக்கூட்டி, மெல்ல வாசித்தார். அதில் இருந்தது இவ்வளவுதான். லூசி, அமாது, எலியோ, கமீல். பன்னிரண்டு முப்பது முதல் இரண்டு ஐம்பது வரை நால்வரும் தூக்கம். பின்னேரத் தீன், குவாரி ஐயா கேட்டபடி பின் அறையில். வெடி, தரையால் வந்தது. யாரும் அழவில்லை. கமீல் இன்னொரு பிஸ்கட் கேட்டாள்.

"ஒண்டும் நடக்கேல்லை எண்டுதானே எழுதிக் கிடக்கு" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை."

அவர் கடதாசியைத் திருப்பித் தரவில்லை. துளை இயந்திரம் பிடித்துத் தடித்த விரலை முதல் பெயரில் வைத்தார். பிறகு இரண்டாவதில். நாலும் முடிந்தபின் விரலை எடுக்காமலே சொன்னார்.

"கல்லு விழுந்து கிடந்ததை நானும் கண்டனான். அண்டைக்குக் காலமையே கண்டனான்."